அரசு வேலையா, ஆலை வேலையா? ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஊதியமும் உறுதியும் மாறிவந்த வரலாறு

ஓசூரில் படிப்பை முடித்த ஒரு பிள்ளைக்கு மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாக அரசுப் பணி. இரண்டாவது, பேருந்தில் சில நிறுத்தங்கள் தள்ளியிருக்கும் சிப்காட் தொழில் வளாகம். மூன்றாவது, ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி வழியே சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. இம்மூன்றும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் அரசு ஊதியத்தின் உண்மையான மதிப்பை அளக்க இந்த வட்டாரம் பொருத்தமான களமாகிறது.

வீடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ‘கவர்மெண்டா, பிரைவேட்டா’ என்றே நடக்கிறது. இந்தக் கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். நாளைக்கும் வேலை உண்டு, விலை ஏறினால் சம்பளமும் ஏறும், முதுமையில் கையில் பணம் வரும் என்ற மூன்று உறுதிகளும் ஒரு காலத்தில் அரசு அலுவலகத்திலும் பெரிய ஆலையிலும் ஒருங்கே கிடைத்தன. பிறகு இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அவை சிலருக்கு மட்டுமானவையாகச் சுருங்கின. அந்த வரலாற்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மானியத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கு

1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. விவசாயி ஒவ்வொருவரோடும் நேரடியாக வரி பேசுவதென்றால் ஒவ்வொரு ஊரிலும் கணக்கு வைத்திருப்பவர் வேண்டும். கர்ணம், மணியக்காரர், தலையாரி, வெட்டி என்று ஏற்கனவே இருந்த கிராமப் பணியாளர்கள் அரசின் கடைசிக் கண்ணிகளானார்கள். நில மானியமும் விளைச்சலில் பங்குமே அவர்களுடைய கூலியாக இருந்தன. அவற்றைவிட அந்தப் பணி தந்த ஊர் மரியாதையே பெரிதாகக் கருதப்பட்டது. 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பணிகள் சட்டம் அந்த உரிமையைத் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் சொத்தாகவே உறுதிப்படுத்தியது.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியின் தந்தை அவ்வூர் முன்சீப். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்தவருடைய குடும்பத்தின் தொடக்கம், ஒரு கிராம அதிகாரியின் சிறு வருவாயிலும் பெரிய செல்வாக்கிலும் இருந்தது. அரசுப் பணியின் பலனைச் சம்பளத்தைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது என்பதற்கு இந்த வட்டாரத்தின் பழைய சான்று இதுவே.

இந்த உரிமை தகர்ந்தது இரண்டு கட்டங்களில். 1960 டிசம்பரில், ஆந்திராவிலிருந்து வந்த வழக்கொன்றில், அதே 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பரம்பரைக் கூறு அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளையே ஒழித்தது. மாநிலம் முழுவதும் 20,000-க்கும் மேற்பட்டோர் பணியிழந்தனர். அவ்விடத்துக்குத் தேர்வெழுதி, மாதச் சம்பளத்தோடு, ஓய்வூதியத் தகுதியோடு வந்தவர்களே இன்றைய கிராம நிர்வாக அலுவலர்கள். பணியிழந்தவர்களின் துயரம் சிறியதல்ல. ஆயினும் பிறப்பால் கிடைத்த பணி தேர்வால் கிடைக்கும் பணியாக மாறியது அன்றுதான். தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளிப் பகுதிகளில் கர்ணம் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளைகளும் அந்த நாற்காலியில் அமர முடிந்தது. அரசு வேலையின் மதிப்பில் இந்தச் சமூகக் கூறைச் சேர்க்காத எந்தக் கணக்கும் குறையுள்ளதே.

ஆலைகள் வந்த பின்

1971-இல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டு, அதன் முதல் தொழில் வளாகங்களுள் ஒன்று ஓசூரில் அமைந்தது. அப்போது ஓசூர், 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. மழை பொய்த்தால் பெங்களூருவுக்கோ சேலத்துக்கோ ஆட்கள் கூலிக்குப் போகும் பூமி அது. பெங்களூருவின் அருகாமை, தமிழ்நாடு அரசு தந்த நிலம், பின்தங்கிய பகுதிக்கான சலுகை ஆகிய மூன்றும் சேர்ந்து முதலாளிகளை இழுத்தன. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட் ஓசூரிலிருந்து சாலைக்கு வந்தது. 1980-களின் பிற்பகுதியில் டைட்டன் கடிகார ஆலை வந்தது. டைட்டன், டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய நிறுவனம். அதில் இன்றும் டிட்கோவிடம் 27.88 விழுக்காடு பங்கு இருக்கிறது. ஆக, ஓசூரின் மிகப் பெயர்பெற்ற தனியார் ஆலையின் பெரும்பங்குதாரர்களில் ஒருவர் மாநில அரசே.

அந்தத் தலைமுறை ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தவற்றை அரசு ஊழியருக்குக் கிடைத்தவற்றோடு பொருத்திப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின்கீழ் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம் போடப்பட்டது. தொழிலாளர்கள் இதை ‘செட்டில்மெண்ட்’ என்பார்கள். பல ஆலைகளில் விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் பஞ்சப்படி இருந்தது. 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி 8.33 முதல் 20 விழுக்காடு வரை போனஸ், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை, கேன்டீன், ஆலைப் பேருந்து ஆகியவையும் உண்டு. இவற்றோடு 1981-இல் தமிழ்நாடு ஒரு சிறப்பான சட்டத்தைச் சேர்த்தது. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த மாநிலம் தன் தொழிலாளிக்குச் செய்த மிகப் பெரிய நன்மைகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

அதே காலத்தில் அரசு ஊழியரின் நிலை அவ்வளவு உயரத்தில் இல்லை. 1960, 1970, 1978, 1984 என்று நான்கு மாநில ஊதியக் குழுக்கள் வந்தும், மத்திய அரசு ஊழியருக்கும் மாநில ஊழியருக்கும் இடையே பள்ளம் இருந்துகொண்டே வந்தது. 1988-இல், ஆளுநர் ஆட்சி நடந்த காலத்தில், ஆசிரியரும் அரசு ஊழியரும் நீண்ட வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்து வந்த ஐந்தாவது ஊதியக் குழு 1988 ஜூன் 1 முதல் மத்திய அரசுக்கு இணையான ஊதியம் என்ற கோட்பாட்டைக் கொண்டுவந்தது. ஊதிய வரலாற்றின் திருப்புமுனை இதுவே. அதன்பின் மாநிலம் தனி அளவுகோல் தேடவில்லை. டெல்லியில் அகவிலைப்படி உயர்ந்தால் சென்னையிலும் உயரும் என்ற எதிர்பார்ப்பு நிலைத்தது. 1996, 2006, 2016 என்று பத்தாண்டுக்கு ஒரு திருத்தம் வந்தது.

1990-களின் தொடக்கத்தில் இந்த ஊரில் ஒரே தெருவில் குடியிருந்த லேலண்ட் தொழிலாளியும் தாலுகா அலுவலக இளநிலை உதவியாளரும், உறுதியைப் பொறுத்தவரை, ஏறத்தாழ ஒரே தட்டில் நின்றார்கள். கையில் வாங்கும் பணத்தில் தொழிலாளியின் கையே ஓங்கியிருந்தது. ஓய்வூதியத்தில் மட்டும் அரசு ஊழியர் முந்தினார். 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதிசெய்தன. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல, உழைத்தவரின் உரிமை என்று 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2003: இரண்டு பக்கமும் அடைபட்ட கதவு

இந்தச் சமநிலை ஆலைப் பக்கத்தில் முதலில் சரிந்தது. 480 நாள் சட்டத்தை மாற்றாமலே அதைச் சுற்றிப் போக வழி கண்டார்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் தொழிலாளியே அல்ல. எனவே பயிற்சியாளர்கள் பெருகினர். ஒப்பந்ததாரர் வழியாக வரும் ‘கான்ட்ராக்ட்’ ஆட்கள் பெருகினர். பழைய நிரந்தரத் தொழிலாளிகள் ஓய்வுபெற்றபோது அவர்களுடைய இடத்துக்கு அதே உறுதியோடு ஆள் வரவில்லை. ஒரே கன்வேயரில் ஒரே வேலை செய்யும் இருவருக்கு இரண்டு விதச் சம்பளச் சீட்டு என்பது வழக்கமானது.

அரசுப் பக்கத்தில் சரிவு ஓசையோடு நடந்தது. 2001-இன் இறுதியில் புதிய ஆள்சேர்ப்புக்குத் தடை வந்தது. சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து 2003 ஜூலை 2 அன்று அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவசரச் சட்டத்தின் துணையோடு அரசு சுமார் 1,70,000 பேரைப் பணிநீக்கம் செய்தது. ‘அரசு வேலைக்கு அசைவில்லை’ என்று இரண்டு தலைமுறையாக நம்பிய குடும்பங்கள் சில நாட்களில் நிலைகுலைந்தன. பெரும்பாலானோர் பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் 2003 ஆகஸ்ட் 6 அன்று, டி.கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமையல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அதே நாளிட்ட நிதித்துறை அரசாணை 259, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்த அனைவருக்கும் பழைய ஓய்வூதியத்தை நிறுத்திப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊழியர் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு செலுத்த வேண்டும். அரசும் அதே அளவு செலுத்தும். ஓய்வுக்குப் பின் மாதந்தோறும் இவ்வளவு வரும் என்ற வாக்குறுதி மட்டும் காணாமல் போனது.

மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டம் 2004 ஜனவரி 1-இல்தான் தொடங்கியது. ஆக, இந்த வெட்டில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. முந்திக்கொண்ட மாநிலம், மத்திய ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் அமைப்பிலும் சேரவில்லை. பிடித்த பணம் அரசிடமே இருந்தது. இந்த இரண்டுங்கெட்ட நிலை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது பெரும் பிழை. 2019 ஜனவரியில், ஆசிரியர், அரசு ஊழியர் அமைப்புகளின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கை பழைய ஓய்வூதியத்தைத் திரும்பத் தர வேண்டும் என்பதே.

இதே காலத்தில் அரசு தன் அலுவலகங்களுக்குள் தானே ‘கான்ட்ராக்ட்’ முறையைக் கொண்டுவந்தது. 2003-க்குப் பின் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட ஆசிரியர்கள் 2006 ஜூன் 1 முதலே காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். 2012-இல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். 2024-இல் அது 12,500 ஆகியது. 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு, அதற்கு முந்தைய நாள் சேர்ந்தவரைவிட அடிப்படை ஊதியம் 3,170 ரூபாய் குறைவாக நிர்ணயிக்கப்பட்டது. பர்கூரிலோ அஞ்செட்டியிலோ ஒரே பள்ளியில், ஒரே வகுப்பறைச் சுவருக்கு இருபுறமும் நின்று பாடம் எடுக்கும் இருவரின் சம்பளச் சீட்டும் கன்வேயர்த் தொழிலாளிகளுடையதைப் போலவே பிளவுபட்டது. ஆலை முதலாளியும் அரசும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

எண்களில் இன்று

2017 அக்டோபர் 11-ஆம் தேதியிட்ட அரசாணை 303 ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளைத் தமிழ்நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய ஊதியம் 2.57-ஆல் பெருக்கப்பட்டது. மிகக் குறைந்த அடிப்படை ஊதியம் 15,700. குரூப் 4-இல் சேரும் இளநிலை உதவியாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தொடக்கம் 19,500. 2025 ஜனவரி நிலவரப்படி 55 விழுக்காடு அகவிலைப்படி சேர்த்தால் 30,225 ரூபாய். இதன்மேல் வீட்டு வாடகைப் படி உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் அது விழுக்காட்டுக் கணக்கில் வராமல் படிநிலைக்கு இவ்வளவு ரூபாய் என்று வரும். பெங்களூருவின் வாடகை அலை மோதும் ஓசூரில் அந்தத் தொகை போதாது.

எல்லைக்கு அப்பால் கர்நாடகம் தன் சொந்த ஊதியக் குழுவை வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அங்கே மிகக் குறைந்த அடிப்படை ஊதியம் 27,000. 2025 ஜனவரியின் 12.25 விழுக்காடு அகவிலைப்படியோடு 30,307 ரூபாய். அதே மாதம் தமிழ்நாட்டின் கடைநிலை ஊழியருக்கு 24,335. அத்திப்பள்ளியில் ஒரு கடைநிலை அரசு ஊழியர் வாங்குவது, ஜூஜூவாடியில் தேர்வெழுதி வந்த இளநிலை உதவியாளர் வாங்குவதற்கு ஈடாக இருக்கிறது. மத்திய அரசைப் பின்பற்றும் கோட்பாடு 1988-இல் தமிழக ஊழியருக்கு ஏணியாக இருந்தது. இன்று அதுவே, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் டெல்லித் திருத்தத்துக்காகக் காத்திருக்க வைக்கிறது. கர்நாடக ஊழியருக்கும் 2006 ஏப்ரல் முதல் பழைய ஓய்வூதியம் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆலை வேலைக்கு எல்லை தாண்டுவது எளிது. அரசு வேலைக்கு அப்படித் தாண்ட முடியாது. இடஒதுக்கீட்டுப் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டுப் போட்டித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு மதிப்பெண் கட்டாயம். தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகப் பேசும் தேன்கனிக்கோட்டை, தளி, பாகலூர்ப் பகுதிப் பிள்ளைகளுக்கு, அதிலும் அந்த மொழிகளில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு, இது உயரமான படி. இந்த விதி நியாயமானதே என்பது என் கருத்து. மக்களோடு பழகும் அலுவலருக்கு அவர்களின் ஆட்சிமொழி தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே நல்ல தமிழாசிரியரைக் கொடுப்பது அரசின் கடமை.

ஓய்வுக்காலக் கணக்குதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஆலைத் தொழிலாளிக்கு 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் உண்டு. அதற்கான ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாயிலேயே நிற்கிறது. 30 ஆண்டு உழைத்தவருக்கு இரண்டாண்டு சலுகையோடு சேர்த்து 15,000-ஐ 32-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 6,857 ரூபாய். அதற்கு அகவிலைப்படி கிடையாது. 19,500-இல் தொடங்கி, பதவி உயர்வே இல்லாமல், ஆண்டுக்கு 3 விழுக்காடு உயர்வு மட்டும் பெறும் இளநிலை உதவியாளரின் அடிப்படை ஊதியம் 30 ஆண்டில் 47,000-ஐத் தாண்டும். அதில் பாதி 23,500-க்கு மேல். பழைய முறையில் அதன்மேல் அகவிலைப்படியும் வரும்.

ஆனால் இந்த ஒப்பீட்டை இங்கேயே நிறுத்துவது ஆலைப் பக்கத்துக்கு அநீதி. 30,000 ரூபாய்க்கு முழு பி.எஃப். பிடிக்கும் நிரந்தரத் தொழிலாளியின் கணக்கில், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும் 1,250 போக, அவருடைய பங்கும் நிறுவனத்தின் பங்கும் சேர்ந்து மாதம் 5,950 ரூபாய் சேரும். இன்றைய 8.25 விழுக்காடு வட்டி 30 ஆண்டும் நீடித்து, இடையில் ஒரு ரூபாயும் எடுக்காமலிருந்தால், அது 85 லட்சத்தைத் தாண்டும். உச்சவரம்பான 15,000-க்கு மட்டும் பிடிக்கும் நிறுவனத்தில் இதே கணக்கு 35 லட்சத்தை ஒட்டி நிற்கும். நிரந்தர ஆலைத் தொழிலாளி அரசு ஊழியருக்குச் சளைத்தவர் அல்ல. தோற்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்து, 58 வயதில் வெறுங்கையோடு நிற்பவர் அவர்தான். அவரோடு அரசுப் பக்கத்தில் நிற்பவர், சிறப்புக் காலமுறை ஊதியத்தில் பணியாற்றிச் சொற்பமான சிறப்பு ஓய்வூதியத்தோடு வீடு திரும்பும் சத்துணவு ஊழியர்.

பெண்களுக்கு இந்த ஒப்பீடு வேறு விதமாக அமைகிறது. 2017-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தச் சட்டம் ஆலைப் பெண்ணுக்கு 26 வார மகப்பேறு விடுப்பைத் தந்தது. தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் தன் பெண் ஊழியருக்கு 12 மாத விடுப்புத் தருகிறது. சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும், திருமணத்துக்குப் பின்னும் வேலையில் நீடிக்க உதவுவது இந்த ஓராண்டு. ஓசூரை அடுத்துள்ள டாட்டா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியின் ஓலா போன்ற புதிய ஆலைகள் இளம்பெண்களைத் திரளாக வேலைக்கு எடுத்திருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் முப்பது வயதிலும் அதே வாசலில் நுழைவார்கள் என்பதே கேள்வி.

திரும்பி வரும் உறுதி, யாருக்கு?

2026 ஜனவரி 3 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். ஊழியரின் 10 விழுக்காடு பங்களிப்பு தொடரும். கடைசி ஊதியத்தில் 50 விழுக்காடு ஓய்வூதியம் உறுதி. குறைவதை அரசு ஈடுசெய்யும். மத்திய அரசும் 2025 ஏப்ரல் 1 முதல் இதையொத்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 2003-இல் பறிபோனதில் பெரும்பகுதி இருபத்திரண்டு ஆண்டுப் போராட்டத்தால் திரும்பியது. இதை வரவேற்கிறேன். ஆனால் காலமுறை ஊதியத்தில் இல்லாத பகுதிநேர ஆசிரியருக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் இதில் இடமில்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓராண்டிலேயே பணிக்கொடைத் தகுதி தருகின்றன. அது ஒரு துளி நன்மை. நிரந்தரம் என்ற உரிமையை அது ஈடுசெய்யாது.

2018-இல் குரூப் 4 தேர்வின் 9,351 இடங்களுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2025-இல் முதலில் அறிவிக்கப்பட்ட 3,935 இடங்களுக்குச் சுமார் 13.9 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு 350 பேருக்கு மேல் போட்டியிடும் ஒரு தேர்வுக்காக ஐந்து, ஆறு ஆண்டுகளைப் பயிற்சி மையங்களில் செலவிடுவதும் ஒரு விலைதான். அந்த ஆண்டுகளின் இழந்த கூலியை எந்தச் சம்பளப் பட்டியலும் காட்டுவதில்லை. ஓசூர்ப் பிள்ளைக்கு நான் சொல்வது இது. அரசு, தனியார் என்று பார்க்க வேண்டாம். வேலை உத்தரவைப் பாருங்கள். அதில் ‘காலமுறை ஊதியம்’ என்றோ ‘நிரந்தரம்’ என்றோ இருக்கிறதா, விலைவாசியோடு ஏறும் படி இருக்கிறதா, பி.எஃப். முழுச் சம்பளத்துக்குப் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். இந்த மூன்றும் உள்ள ஆலை வேலை கிடைத்தால், தொகுப்பூதிய அரசு வேலைக்காக அதை விட வேண்டியதில்லை.

அரசிடம் கேட்பதும் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தன் துறைகளிலும், தான் நிலம் கொடுத்த சிப்காட் ஆலைகளிலும் நிரந்தரமாக எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர், பயிற்சியாளர் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் ஒரே பட்டியலில் வெளியிட வேண்டும். 1981-இல் 480 நாள் சட்டத்தை இயற்றிய மாநிலம், அந்தச் சட்டம் இன்று எத்தனை பேரைக் காக்கிறது என்பதைத் தன் மக்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.